கிரவுண் பொருந்தவில்லை: குற்றம் அச்செடுத்த பொருளிலா, அது வந்த வழியிலா?

புதுக்குடியிருப்பு வாசகர் ஒருவரின் கேள்வி, மார்ச் 3

கீழ்க் கொடுப்புப் பல்லுக்கு நரம்பு எடுத்து நிரப்பி, மேலே கிரவுண் (பல் உறை) போட்டார்கள். போட்ட நாளிலிருந்து ஓரத்தில் சாப்பாடு சிக்குகிறது, முரசு வீங்குகிறது. இப்போது வேறொரு டொக்டர் பார்த்துவிட்டு, அச்சு சரியாக எடுபடவில்லை, சிலிக்கோனில் திரும்ப எடுக்க வேண்டும் என்கிறார். முதலில் எடுத்தது தண்ணீரில் குழைக்கிற ரோஸ் நிற மா. சிலிக்கோனுக்குக் காசு கூட. உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா, இல்லை காசு பிடுங்குகிற வேலையா? லாப்பில் வேலை செய்கிற அண்ணைமார் யாராவது இருந்தால் சொல்லுங்கோ.

மார்ச் 3, இரவு

வித்தியாசம் இருக்கிறது. புது டொக்டர் சொல்வதை நம்பலாம்.

நான் வவுனியாவில் கிரவுண் செய்கிறவன். முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், மாங்குளம், கிளிநொச்சிப் பக்கத்து அச்சுகள் பஸ்ஸில் பொதியாக வந்து சேரும். நோயாளியின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அந்த அச்சுத்தான் எனக்கு அவருடைய வாய். அது பொய் சொன்னால் நானும் பொய்யைத்தான் செய்து அனுப்புவேன்.

ரோஸ் நிற மா என்பது அல்ஜினேட். கடற்பாசியிலிருந்து வருவது. குழைத்து இறுகிய பின் அதன் எடையில் ஏறத்தாழ 85% தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேறத் தொடங்கியதும், குளம் வற்றும்போது அடிச்சேறு சுருங்கி வெடிப்பதுபோல அச்சும் சுருங்கும். காற்றில் வைத்தால் காய்ந்து சுருங்கும், தண்ணீரில் போட்டால் உறிஞ்சி வீங்கும். வாயிலிருந்து எடுத்து 10, 15 நிமிடத்துக்குள் டை ஸ்டோன் (பல்லின் மாதிரியை வார்க்கும் சாந்து) ஊற்ற வேண்டிய பொருள் இது. புதுக்குடியிருப்பில் எடுத்து, பரந்தன் வழியாக A9 பிடித்து, என் மேசைக்கு வரும்போது அது எந்தப் பல்லின் அளவு என்று யாருக்கும் தெரியாது.

எதிர்த்தாடை மாதிரிக்கும், படிப்பு மாதிரிக்கும், பற்செட்டின் முதல் அச்சுக்கும் அல்ஜினேட் நல்ல பொருள். கிரவுணின் கடைசி அச்சுக்கு அது உரியதல்ல.

மார்ச் 4

எண்ணில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி.

கிரவுணின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி வரைக்கும் பரவாயில்லை என்பதற்கு இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டும் எண் 120 மைக்ரோன். 1971இல் மக்லீன், வொன் ஃப்ரான்ஹோஃபர் என்ற இருவர் 1,000க்கு மேற்பட்ட கிரவுண், இன்லேகளை (வெளியே செய்து பல்லின் குழிக்குள் ஒட்டும் நிரப்பல்) ஐந்து வருடம் பின்தொடர்ந்து சொன்னது. ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. அதைத் தாண்டினால் சீமெந்து கரைந்து போகும், சாப்பாடும் கிருமியும் உள்ளே போகும். உங்கள் முரசு வீங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கொடுப்புப் பல் ஒன்றின் அகலத்தை 10 மில்லிமீற்றர் என்று வைப்போம். சிலிக்கோனில் இரண்டு வகை. கண்டன்சேஷன் சிலிக்கோன் 24 மணி நேரத்தில் அரை வீதம் (0.5%) அளவில் சுருங்கும். பத்து மில்லிமீற்றருக்கு 50 மைக்ரோன். அடிஷன் சிலிக்கோன் 0.05% அளவில் சுருங்கும். பத்து மில்லிமீற்றருக்கு 5 மைக்ரோன். இரண்டுக்கும் பெயர் சிலிக்கோன்தான், சுருக்கம் பத்து மடங்கு வேறு.

120 முழுவதையும் அச்சே தின்றுவிடவும் முடியாது. அதே 120க்குள் டை ஸ்டோன் விரியும் அளவு, மெழுகு, உலோக வார்ப்பின் சுருக்கம், சீமெந்தின் கனம் எல்லாம் அடங்க வேண்டும். அச்சு 50ஐ எடுத்துக்கொண்டால் மிச்ச எல்லாருக்கும் சேர்த்து 70.

மார்ச் 4, பின்னேரம்

முன் குறிப்பைப் படித்துவிட்டு, டொக்டரிடம் சிலிக்கோனா என்று கேட்டேன், ஓம் என்றார், போதும்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது. எந்தச் சிலிக்கோன் என்று கேளுங்கள். கண்டன்சேஷன் வகை இறுகும்போது உள்ளே அற்ககோல் உண்டாகி ஆவியாகிறது. அந்த ஆவி போன இடமே சுருக்கம். அரை மணி நேரத்தில் ஸ்டோன் ஊற்ற வசதி உள்ள இடத்தில் அதுவும் பாவிக்கலாம். பஸ்ஸில் அனுப்புகிற ஊருக்கு அது பொருந்தாது. அடிஷன் வகையில் அப்படி எதுவும் பிரிந்து ஆவியாகிப் போய் அளவைக் குறைப்பதில்லை. அடுத்த நாள் ஊற்றினாலும், அதே அச்சில் இரண்டாம் தரம் ஊற்றினாலும் அளவு நிற்கும்.

மார்ச் 6

மாங்குளத்திலிருந்து எழுதின தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அல்ஜினேட்டும் 50 மைக்ரோன் கோட்டைப் பதிக்க வேண்டும் என்று தரநியமம் சொல்கிறது, டை ஸ்டோனும் 50 மைக்ரோன் கோட்டைத்தான் பதிக்க வேண்டும், பிறகு 20 மைக்ரோன் பதிக்கிற சிலிக்கோனுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்கிறார்.

எண்கள் சரி. சிலிக்கோன், பொலியீதர் போன்ற ரப்பர் வகை அச்சுப் பொருள்களுக்கான ஐஎஸ்ஓ 4823 தரநியமத்தில், ஓடும் மெல்லிய வகையான லைட் பாடிக்கு 20, கையால் குழைக்கும் கட்டி வகையான புட்டிக்கு 75. ஆனால் கோடு பதிவது ஒரு விஷயம், அளவு நிற்பது வேறு விஷயம். அழகாகக் கோடு பதிந்த அச்சு ஒட்டுமொத்தமாகச் சுருங்கியிருக்கலாம். கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் விளிம்பு கூர்மையாகத்தான் தெரியும். சுருங்கின அச்சு பார்வைக்குக் குறை காட்டாது. கிழிந்த அச்சைப் பார்த்ததும் திருப்பி அனுப்பலாம். சுருங்கினதை எப்படிப் பிடிப்பது? பொதியில் எடுத்த நேரம் எழுதியிருந்தால் மட்டும் எனக்கு ஒரு சந்தேகமாவது வரும்.

அதனால்தான் அச்செடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள் என்று எனக்கு அனுப்புகிற டொக்டர்மாரிடம் கெஞ்சிக் கேட்பேன். சிலர் எழுதுவார்கள். அவர்களுடைய வேலையை மேசையில் முதலில் எடுத்து வைக்கிறேன்.

மார்ச் 9

சுருக்கம் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. அதைக் கட்டாயம் எழுத வேண்டும். கிரவுண் ஏன் இறங்கவில்லை, ஏன் ஆடுகிறது என்ற இரண்டுக்கும் பதில் அங்கேதான் கிடக்கிறது.

ட்ரேக்கு, அதாவது அச்சுப் பொருளை வாய்க்குள் கொண்டுபோகும் தட்டுக்கு, பசை பூசி, அது காய்ந்த பிறகு பொருளை வைத்தால், பொருள் ட்ரேயின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். சுருங்கும்போது சுவர்ப் பக்கமாக இழுபடும். பல் இருந்த குழி கொஞ்சம் பெருக்கும். அதில் ஊற்றின டை, அதாவது அந்தப் பல்லின் கல் மாதிரி, உண்மைப் பல்லைவிட ஒரு துளி பெரிதாக வரும், கிரவுண் இலகுவாக இறங்கும். பசை இல்லாமல் எடுத்தால் பொருள் சுவரை விட்டுக் கழன்று நடுப்பக்கமாகச் சுருங்கும். குழி சிறுக்கும், டை சிறுக்கும். அப்படிச் செய்த கிரவுண் வாயில் இறங்காது. டொக்டர் உட்பக்கத்தை அரைத்து அரைத்து இறக்குவார், கடைசியில் விளிம்பு திறந்தே நிற்கும்.

பசையைப் பூசிவிட்டு உடனே பொருளை வைப்பதும் வேலைக்கு ஆகாது. பத்து, பதினைந்து நிமிடம் காய வேண்டும். வரிசையில் ஆட்கள் இருக்கும்போது அந்தப் பதினைந்து நிமிடம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். நோயாளி வந்து இருக்கும்போதே, ஊசி போடுவதற்கு முன்னமே பூசி வைத்துவிடலாம்.

இன்னொன்று ட்ரே. மெல்லிய பிளாஸ்டிக் ட்ரேயில் கட்டிப் புட்டியை வைத்து அழுத்தினால் ட்ரேயின் இரண்டு சுவரும் வெளியே விரியும். வாயிலிருந்து எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும், அச்சையும் சேர்த்து நசிக்கும். விலையான சிலிக்கோன் வாங்கி வளைகிற ட்ரேயில் வைத்தால் அந்தக் காசு வீண். உலோக ட்ரே, அல்லது நோயாளியின் தாடைக்கே செய்த ட்ரே நல்லது.

மார்ச் 11

வெயில் பற்றி.

புத்தகங்களில் அறை வெப்பம் 23 பாகை என்று போட்டிருக்கும். பங்குனி, சித்திரையில் கிளிநொச்சியில் குளிரூட்டி இல்லாத அறையில் 23ஐ எங்கே பார்ப்பது? வெப்பம் கூடினால் எல்லாம் வேகமாக இறுகும். டொக்டர் ட்ரேயை வாயில் அமர்த்தும்போதே பொருள் இறுகத் தொடங்கிவிட்டால், உள்ளே ஒரு இழுவிசை தங்கிவிடும். வெளியே எடுத்த பிறகு அது மெதுவாக விடுபட்டு அச்சு கோணும். சிலிக்கோனைக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பாவித்தால் குழைக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அல்ஜினேட் என்றால் குளிர்ந்த தண்ணீர். மத்தியானத் தாங்கித் தண்ணீரை நேரே பிடித்துக் குழைக்க வேண்டாம். எங்கள் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் கடினம், அதில் உள்ள கல்சியம் அல்ஜினேட்டை இன்னும் வேகமாக இறுக்கும். போத்தல் தண்ணீரோ வடித்த தண்ணீரோ வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

வெயிலில் ஒரு நன்மையும் இருக்கிறது என்று பிறகு தோன்றியது. வாய் 37 பாகை. அங்கிருந்து 23 பாகை அறைக்கு வந்தால் அச்சு 14 பாகை குளிர்ந்து அந்த அளவுக்குச் சுருங்கும். 32 பாகை அறைக்கு வந்தால் 5 பாகைதான். அடிஷன் சிலிக்கோன் ஒரு பாகைக்கு மில்லியனில் 200 பங்கு அளவில் மாறும் பொருள். கணக்குப் போட்டால் 10 மில்லிமீற்றருக்கு முதலாவதில் 28 மைக்ரோன், இரண்டாவதில் 10. அதாவது சூடான அறை அச்சைச் சுருக்கிக் கெடுக்கிறது என்று சும்மா சொல்ல முடியாது. கெடுப்பது அவசரமாக இறுகுவதும், பஸ்ஸின் பொதிப் பெட்டிக்குள் மற்றச் சாமான்களுக்கு அடியில் சூட்டில் பிளாஸ்டிக் ட்ரே கோணுவதும். அட்டைப் பெட்டியில், அச்சின் மேல் எதுவும் முட்டாமல், சாரதிக்குப் பக்கத்தில் வைக்கக் கொடுங்கள்.

என் பக்கத்தில் நான் செய்வது: பொதி வந்ததும் ஊற்ற மாட்டேன். அறை வெப்பத்துக்கு வரும்வரை மேசையில் கிடக்கட்டும். சூடாக இருக்கும்போது ஊற்றினால் அந்தச் சூட்டின் அளவே ஸ்டோனில் பதிந்துவிடும்.

மார்ச் 12

இவ்வளவும் எழுதின பிறகு யோசித்தேன். பொருள், நேரம், வெப்பம் என்றே போகிறது. ஆனால் நான் திருப்பி அனுப்பும் அச்சுகளில் பெரும்பாலானவை சுருங்கினதால் திரும்புவதில்லை. விளிம்பு இல்லாததால் திரும்புகின்றன. இதை முதலில் எழுதியிருந்தாலும் தகும்.

அரைத்த பல்லின் விளிம்பு முரசுக்குக் கீழே இருந்தால், முரசைக் கொஞ்ச நேரம் விலக்கி வைக்க வேண்டும். அதற்குத்தான் மருந்தில் நனைத்த நூலை முரசுக்கும் பல்லுக்கும் இடையில் செருகுவது. விலகின இடம் 0.2 மில்லிமீற்றராவது இருந்தால்தான் லைட் பாடி அதற்குள் போய், எடுக்கும்போது கிழியாமல் வரும். அந்த இடத்தில் இரத்தமோ உமிழ்நீரோ நின்றால் சிலிக்கோன் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு ஈரம் பிடிக்காது. தண்ணீர் நட்புள்ளது என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் இரத்தக் குளத்துக்குள் அது விளிம்பைப் பதிக்காது.

விளிம்பு தெரியாத டையில் நான் என்ன செய்வது? ஊகித்துக் கோடு கீற வேண்டும். ஊகித்த கோட்டில் கிரவுண் செய்ய எனக்கு விருப்பமில்லை. அது ஒரு மனிதரின் வாயில் பத்து, பதினைந்து வருடம் இருக்கப் போகிற சாமான்.

முரசு வீங்கியிருந்தால் அச்சை ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள் என்று டொக்டர் சொன்னால் கோபிக்காதீர்கள். அவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். தற்காலிகக் கிரவுணைச் சரியான விளிம்போடு போட்டு, நன்றாகத் துலக்கி, முரசு ஆறின பிறகு எடுத்தால் நூலே அரைவாசி வேலையைச் செய்துவிடும்.

மார்ச் 13

ஒட்டுசுட்டானில் வேலை செய்யும் தங்கை ஒருவருக்கு: புட்டி இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றது என்கிறீர்களே, கையுறையைப் பாருங்கள். லேட்டெக்ஸ் கையுறையில் உள்ள கந்தகம் அடிஷன் சிலிக்கோனை இறுகவிடாது. வினைல் கையுறை போட்டுக் குழையுங்கள், அல்லது துப்பாக்கிபோன்ற கருவியின் குழாயில் தானாகக் கலந்து வரும் வகையை எடுங்கள். லேட்டெக்ஸ் கையால் பல்லையும் நூலையும் தொட்டாலும் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய படை இறுகாமல் நிற்கும். ஸ்டோன் ஊற்றினால் அந்த இடம் சொரசொரப்பாக வரும். இரத்தம் நிறுத்தப் பூசும் சில மருந்துகளாலும் இதே தொல்லை வரும், ஆகவே கழுவிக் காயவிட்டு எடுங்கள்.

மார்ச் 13, இரவு

ஸ்டோனில் ஊசிக் குத்துப்போல சின்னச் சின்னக் குழி வருவது வேறு. சில அடிஷன் சிலிக்கோன்கள் இறுகின பிறகு ஐதரசன் வாயு விடும். ஒரு மணி நேரம் விட்டு ஊற்றினால் சரி. அல்ஜினேட்டுக்கு உடனே ஊற்று என்கிறோம், இதற்குப் பொறு என்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசிக்காமல் எதையும் செய்ய வேண்டாம்.

மார்ச் 18

பொலியீதர் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். நல்ல பொருள், 1960களில் ஜேர்மனியில் வந்தது. சிலிக்கோனைவிட ஈரத்தைப் பொறுக்கும், விளிம்பு அருமையாக வரும். இரண்டு குறை. ஒன்று, இறுகினால் விறைப்பு. பற்கள் சாய்ந்திருந்தாலோ இடையில் பள்ளங்கள் இருந்தாலோ வெளியே எடுப்பது பெரும்பாடு, ஆடுகிற பல் உள்ளவருக்கு வேண்டாம். மற்றது, ஈரத்தைக் குடித்து வீங்கும்.

இந்த இரண்டாவதால்தான் என் மேசையில் ஒரு கவலை. அல்ஜினேட்டை ஈரக் கடதாசியில் சுற்றி பொலித்தீன் பையில் போட வேண்டும். பொலியீதரை உலர்வாக வைக்க வேண்டும். கிரவுண் தாடை பொலியீதரிலும் எதிர்த்தாடை அல்ஜினேட்டிலும் எடுத்து, இரண்டையும் ஒரே ஈரப் பைக்குள் கட்டி அனுப்பினால், ஒன்றைக் காப்பாற்றுகிற ஈரம் மற்றதைக் கெடுக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். இரண்டு பை, இரண்டு சீட்டு.

கிருமி நீக்கத்துக்கும் இதே கவனம் வேண்டும். முதலில் ஓடும் தண்ணீரில் எச்சிலும் இரத்தமும் போகக் கழுவுங்கள். பிறகு 0.5% சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தெளித்து, மூடி, பத்து நிமிடம் விட்டு, மீண்டும் கழுவுங்கள். அல்ஜினேட்டையும் பொலியீதரையும் ஊற வைத்து மறந்து போகாதீர்கள். கழுவாமல் அனுப்பினால் பொதியைத் திறக்கிற என் பெடியன்களுக்குத்தான் ஆபத்து. இதையும் நான் சொல்லாமல் விட முடியாது.

மார்ச் 21

ஒரு ஐயா, அந்தக் காலத்தில் இந்தச் சிலிக்கோன் எல்லாம் இல்லாமலே பல் கட்டினார்கள்தானே என்று கேட்டார். கட்டினார்கள். அகார் என்ற கடற்பாசிக் கூழைச் சூடாக்கி எடுத்தார்கள். நன்றாகவே வரும், ஆனால் அதற்கென்று சூடாக்கும் தொட்டியும் தண்ணீர் ஓடும் ட்ரேயும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகார் வருவது நின்றபோதுதான் அல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்தது. போரில் சாமான் வராமல் போனால் மனிதர் கையில் கிடைப்பதைக் கொண்டு வேலையை முடிப்பதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950களில் பொலிசல்பைட் வந்தது, நாற்றமும் காத்திருப்பும் கூட. 1970களின் நடுவில் அடிஷன் சிலிக்கோன் வந்தது. இன்று அது கிடைக்கிறது. ஆகவே வன்னி ஆட்களுக்கு அல்ஜினேட் போதும் என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 25

வாய்க்குள் கமெராவை விட்டு ஸ்கேன் எடுப்பது பற்றி: ஒன்று இரண்டு பல் கிரவுணுக்கு நல்ல அடிஷன் சிலிக்கோனுக்கு நிகராக வருகிறது. சுருக்கமும் இல்லை, பஸ்ஸும் இல்லை, கோப்பு இணையத்தில் வந்துவிடும். தூர ஊர்களுக்கு இது பெரிய உதவி. தாடை முழுவதும் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை சேரும். ஆனால் மார்ச் 12 குறிப்பில் எழுதினது இதற்கும் பொருந்தும். கமெரா கண்டதைத்தான் எடுக்கும். முரசு மூடின விளிம்பும் இரத்தம் மூடின விளிம்பும் அதற்கும் தெரியாது.

ஏப்ரல் 2

புதுக்குடியிருப்பு வாசகர் திரும்ப எழுதியிருக்கிறார். பழைய கிரவுண் கழற்றியாகிவிட்டது, முரசு ஆறட்டும் என்று தற்காலிகமாக ஒன்று போட்டிருக்கிறார்கள், அடுத்த கிழமை அச்சு. என்ன கேட்க வேண்டும் என்கிறார்.

டொக்டரைச் சோதிப்பதுபோலக் கேட்க வேண்டாம். மரியாதையாக, "டொக்டர், இது அடிஷன் சிலிக்கோனா? லாப்புக்கு எப்போது போகும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ட்ரே வாயில் இருக்கும்போது பேசாமல், அசையாமல், மூக்கால் மூச்சு விடுங்கள். இறுகும் நேரத்தில் ட்ரே ஆடினால் எந்தப் பொருளாலும் பிரயோசனம் இல்லை. சரியாக இறுகின பிறகு டொக்டர் ஒரே இழுவையில் வெடுக்கென்று எடுப்பார், பயப்படாதீர்கள். மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தால்தான் அச்சு கோணும்.

கிரவுண் வந்ததும் சீமெந்து போடுவதற்கு முன் விளிம்பைச் சுற்றி ஊசியால் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பல்லோடு நூல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டின பிறகு கழற்றுவது வெட்டித்தான்.

கடிக்கும்போது உயரமாகத் தட்டினால் அது பெரும்பாலும் கிரவுண் அச்சின் பிழையாக இராது. எதிர்த்தாடை அல்ஜினேட் காய்ந்திருக்கும், அல்லது கடி எடுத்த மெழுகு சூட்டில் வளைந்திருக்கும்.

ஏப்ரல் 5

எதிர்த்தாடை அல்ஜினேட்டும் காய்ந்து போகிறதே, அதை எப்படி அனுப்புவது என்று அந்த ஒட்டுசுட்டான் தங்கையே கேட்டிருக்கிறார். இரண்டு பை என்று முன்னர் எழுதினது அனுப்பியே ஆக வேண்டியவர்களுக்கு; ஊற்ற முடிந்தால் அனுப்ப வேண்டாம், அங்கேயே ஊற்றிவிடுங்கள். கழுவி, தெளித்து, அதிகப்படி ஈரத்தை மட்டும் ஊதி எடுத்துவிட்டு, ஸ்டோனை ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தட்டித் தட்டி ஓடவிட்டால் குமிழி வராது. முக்கால் மணி நேரம், கூடினால் ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் அல்ஜினேட் ஸ்டோனின் தண்ணீரை உறிஞ்சும், மேற்பரப்பு சுண்ணாம்புபோல உதிரும். காய்ந்த மாதிரியை எந்தப் பஸ்ஸில் ஏற்றினாலும் பயமில்லை, பற்கள் உடையாமல் கடதாசி சுற்றி விட்டால் போதும்.